நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

பேனாவை மைக்கூட்டில் முக்கியெடுத்தது இது ஐந்தாவது தடவை. முக்குவார், விளிம்பில் நுனியைத் தட்டுவார், கார்டுக்கு மேலே கொண்டுபோய் நிறுத்துவார், அப்படியே இருப்பார், மை காய்ந்துவிடும். முப்பது வருஷத் தொழிலில் வக்கீல் குற்றாலிங்கம் பிள்ளைக்கு எழுத்து தடைப்பட்ட நாள் என்று ஒன்று இருந்ததில்லை. வாயில்லாப் பூச்சிகளுக்கெல்லாம் வாயாக இருந்து எழுதியவர். இன்றைக்கு ஒரு காலணாக் கார்டு அவரை மடக்கிப் போட்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மூன்றாக எட்டு நிமிஷம். நாலரைக்குத் தபால் கட்டுவார்கள். அதற்குள் சேர்த்துவிட்டால் சாயங்கால ரயிலில் ஏறி நாளைக் காலையில் நாசரேத்தில் எஸ்தர் நர்ஸ் கைக்குப் போய்விடும். நாளை சனிக்கிழமை, பொருநை பாங்கு ஒரு மணி வரைக்கும் உண்டு. திங்கட்கிழமை கிடையாது. அதற்கப்புறம் எந்தக் கிழமையும் கிடையாது. திங்கட்கிழமை காலை பத்தரைக்கு மதராஸ் ஹைகோர்ட்டில் பாங்கை மூடச் சொல்லி மனு விழும். மனுவை எழுதியவர் அவர்தான். தாக்கல் செய்யப்போகிற மதராஸ் வக்கீலை விட்டுவிட்டால், டைரக்டர்கள் ஆறு பேர், பாங்கின் வக்கீலான அவர் ஒருவர், ஆக ஏழு பேருக்குத் தெரியும். எட்டாவது ஆளுக்குத் தெரியாது. தெரியக் கூடாது. எட்டாவது ஆள் கார்டு போட்டுக் கேட்கிறாள். இரட்டைக் கார்டு. ஒன்றோடொன்று ஒட்டி வருமே, ஒன்றில் கேள்வி, மற்றதில் பதிலுக்கு இடம், அந்தக் கார்டு. பதிலுக்கும் காசை அவளே கட்டி, தன் விலாசத்தையும் தன் கையாலேயே எழுதி, பதில் பக்கத்தை மட்டும் வெறுமையாக விட்டு அனுப்பியிருந்தாள். அந்த வெறுமைதான் மேஜைமேல் கிடந்தது.

அவள் எழுதியிருந்தது ஏழு வரி. ஐயாவுக்கு ஸ்தோத்திரம். நாசரேத் பிராஞ்சு வாசலில் கூட்டம் கூடுகிறது, பால்காரன் ஒன்று சொல்கிறான், உபதேசியார் ஒன்று சொல்கிறார். நான் அவர்களை நம்பிப் போடவில்லை, ஐயா சொல்லித்தான் போட்டேன். எடுக்கவா, இருக்கட்டுமா? ஒரு வார்த்தை எழுதினால் போதும். அவ்வளவுதான். ஒரு வார்த்தை. எடு என்றால் இரண்டெழுத்து. அந்த இரண்டெழுத்தைத் திறந்த கார்டில் எழுதி அனுப்பினால் இங்கே தபால் ஆபீசில் முத்திரை குத்துகிறவன் படிப்பான், ரயிலில் பை பிரிக்கிறவன் படிப்பான், நாசரேத்தில் தபால்காரர் வீட்டுப் படியில் நின்று உரக்கவே படித்துக் காட்டுவார், கண் தெரியாத கிழவிகளுக்குப் படித்துக் காட்டிப் பழகிய தொண்டை. பாங்கு வக்கீலே எடுக்கச் சொல்லிவிட்டார் என்று ரயில் போகிற ஊரெல்லாம் தீப்பிடிக்கும். சரி, உறையில் போட்டு ஒட்டி அனுப்பினால்? அங்கேதான் அவர் போட்ட கட்டளை அவரையே பிடித்துக்கொண்டது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு வயல் வழக்கில், நான் எழுதினேன் என்று இவர் சொல்ல, அப்படி ஒரு கடுதாசி வரவே இல்லை என்று எதிராளி சத்தியம் பண்ண, காட்டக் காகிதம் இல்லாமல் தோற்றார். அன்றைக்கே சொல்லிவிட்டார், இந்த ஆபீசை விட்டு ஒரு துண்டுக் காகிதம் காப்பி இல்லாமல் வெளியே போகக் கூடாதென்று. அதற்கென்று ஊதா மை, அதற்கென்று காப்பிப் புத்தகம், ஐந்நூறு மெல்லிய தாள், ஒவ்வொன்றிலும் அச்சில் நம்பர். தாளைத் தூரிகையால் நனைத்து, எழுதிய கடுதாசியை அதன்மேல் வைத்து, மூலையில் இருக்கும் இரும்புப் பிரஸ்ஸில் கொடுத்து முறுக்கினால் எழுத்து அப்படியே தாளில் இறங்கிவிடும். குமாஸ்தா ஆவுடையப்பன் அதில் ஒரு கடுதாசி தவறியதில்லை. அப்பா காலமானதற்கு அனுப்பிய கருமாதிக் கடிதத்துக்குக்கூடக் காப்பி இருக்கிறது. திங்கட்கிழமைக்குப் பிறகு கோர்ட்டு நியமிக்கிற ஆள் வந்து பாங்கு சம்பந்தப்பட்ட புத்தகம் ஒவ்வொன்றையும் கேட்பான். இதையும் கேட்பான். தாளைக் கிழித்தால் நம்பர் தாண்டும். காப்பியே எடுக்காமல் விட்டால் ஆவுடையப்பன் முகத்தைப் பார்க்க வேண்டும், காப்பி வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ஏன் என்று அவர் கேட்க மாட்டார், கேட்காமல் நிற்பார். நினைக்கும்போதே காது சுட்டது. மை மறுபடியும் காய்ந்திருந்தது.

நான் இருக்கேன்லா. இந்த வார்த்தை எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துகொண்டது. ஏழு வருஷம் இருக்கும், இதே அறை, இதே நாற்காலி. எஸ்தர் நர்ஸ் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற வாரம் ஒரு பிஸ்கோத்து டின்னைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். நிலமாக வாங்கிப் போடவா, யாரிடமாவது வட்டிக்குக் கொடுக்கவா என்று கேட்டாள். தனிக்கட்டை, பின்னால் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது, இதுதான் கடைசி மட்டும். பாங்கில் போடுங்கள் என்றார் இவர். பாங்கு முங்கிப் போகாதா ஐயா என்றாள். நர்ஸம்மா, நான் இருக்கேன்லா. சொல்லும்போது எவ்வளவு சுகமாக இருந்தது. பாங்கின் வக்கீலாகப் போர்டில் பேர் எழுதி ஒரு மாசம்கூட ஆகியிருக்கவில்லை, பெயிண்டு வாசனை மூக்கிலேயே இருந்தது. அவளும் டின்னை அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் அப்படி ஒன்றும் லேசில் நம்புகிற பெண்பிள்ளை இல்லை. அதற்கும் வெகு வருஷம் முந்தி, சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம், மனைவி பிச்சம்மாளுக்கு இரண்டாவது பிரசவம், உள் அறையில் இருந்து சத்தமே இல்லை. இவர் வெளியே தாழ்வாரத்தில் நின்று கதவு நிலையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். பிள்ளை அழ வேண்டும் இல்லையா, அழவில்லை. எஸ்தர் கதவைத் திறந்து, முழங்கை வரைக்கும் ஈரமாக நின்று, ஒளிக்காமல் சொன்னாள்: "பிள்ளை நீலம் பூத்திருக்கு ஐயா. கொடி கழுத்துல சுத்தியிருக்கு. பொழைக்கும்னு சொல்ல மாட்டேன். விட மாட்டேன், அம்புட்டுதான்." கதவைச் சாத்திக்கொண்டாள். அரைமணி நேரம். அந்த அரைமணியில் இவர் அவளை வெறுத்தார். ஒன்றுமில்லை ஐயா, எல்லாம் நல்லபடியாக ஆகும் என்று ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா, சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று. அந்தப் பிள்ளை இப்போது மதராஸில் சட்டம் படிக்கிறான், தலையில் எண்ணெய் வைப்பதில்லை, கடுதாசிக்குப் பதில் போடுவதில்லை.

சட்டம் என்று ஒன்று இருக்கிறது. கட்சிக்காரன் சொன்னதை வெளியே விடக் கூடாது. பாங்குதான் கட்சிக்காரன், எஸ்தர் இல்லை. அதுவும் போக, அவள் ஒருத்தி நாளைக்கு எடுத்துக்கொண்டு போனால் அது மற்ற ஆயிரத்துச் சொச்சம் பேர் பங்கிலிருந்து போவது. அவளுக்குச் செய்கிற தர்மம் முகம் தெரியாத இன்னொரு கிழவிக்குச் செய்கிற துரோகம். இது நல்ல வாதம். ஜட்ஜு தலையை ஆட்டுவார். இவரும் ஆட்டினார், நாற்காலியில் தனியாக உட்கார்ந்துகொண்டு. ஆனால் அந்த இன்னொரு கிழவி கார்டு போடவில்லை. எஸ்தர் போட்டிருக்கிறாள். ஊரைவிட்டுப் போன வெள்ளைக்கார ஜட்ஜு ஒருவர் ஏலத்தில் விட்ட புத்தகங்களோடு ஒன்று வந்து சேர்ந்திருந்தது, அமெரிக்காவில் நூறு வருஷத்துக்கு முந்தி பாங்குகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்தபோது ஏதோ ஒரு வக்கீல் எழுதிய கடிதங்கள். பேர் மறந்துவிட்டது. ஒரே தேதியில் இரண்டு கடிதம் எழுதியிருப்பான் அந்த மனுஷன். தன் கட்சிக்காரப் பாங்குக்கு எழுதினதில், படுக்கப்போகிறவனிடம் வர வேண்டியதை இந்த வாரத்துக்குள் வசூலித்துக்கொள்ளுங்கள் என்று இருக்கும். அதே ஆளிடம் பணம் போட்டிருந்த மலங்காட்டுப் பக்கத்துக் குடியானவன் ஒருவனுக்கு எழுதினதில், பொறுமையாக இருக்கவும், தங்கள் பணிவுள்ள ஊழியன் என்று இருக்கும். பொறுமையாக இருந்த குடியானவன் என்ன ஆனான் என்று புத்தகத்தில் இல்லை. படித்த அன்று இவர் சிரித்தார், பலே கெட்டிக்காரன் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்தும் வைத்தார். சேர்மன் சங்கரமூர்த்தி முதலியார் போன வெள்ளிக்கிழமை வந்து இதே மேஜையில் கையை ஊன்றி, ஈ காக்கைக்குத் தெரியக் கூடாது பிள்ளைவாள், எங்கிருந்தோ கசிகிறது, ஒரு வாரமாக ஆட்கள் வந்து எடுக்கிறார்கள் என்றார். என் ஆபீசிலிருந்து ஓர் எழுத்து வெளியே போகாது என்று இவர் மார்தட்டினார். அதில் ஒரு கர்வம் இருந்தது. அதைவிடப் பெரிய கர்வம் ஒன்று உள்ளே இருந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை. தன் சேமிப்பிலிருந்து ஒரு பைசாவை அவர் தொடவில்லை. எடுக்க நினைத்தால் ஒரு நிமிஷம். எடுக்கவில்லை. முழுகினால் எல்லாரோடும் முழுகுகிறேன். நாளைக்கு எஸ்தர் வந்து நின்றால், நர்ஸம்மா, என்னுடையதும் போச்சு என்று சொல்லலாம். அந்த வாக்கியத்தை மனதுக்குள் பலதடவை சொல்லிப் பார்த்திருந்தார். ஒவ்வொரு தடவையும் கண் லேசாகக் கலங்கியது, ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் இதமாகவும் இருந்தது.

மூன்றே முக்கால். விரல் இடுக்கில் மை ஊறி நகக்கண் எல்லாம் ஊதாவாகிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே கோர்ட்டு வாசலில் சர்பத் கடைக்காரன் ஐஸை இடித்துக்கொண்டிருந்தான், நிறுத்தினான், மறுபடியும் இடித்தான். எடு என்று எழுது. எழுதினால் வக்கீல் தொழில் பண்ணக் கொடுத்த சன்னது போகும், முப்பது வருஷம் போகும், திங்கட்கிழமை கோர்ட்டில் இந்தப் பேரைச் சொல்லி ஒருவன் எழுந்து நிற்பான். இரு என்று எழுது. எழுதினால் பிஸ்கோத்து டின் போகும். இரண்டும் எழுதாமல் ஒன்று எழுத முடியாதா? முடியும். அதற்குத்தானே முப்பது வருஷம். கை தானாகவே இறங்கியது. தங்கள் கார்டு வரப்பெற்றேன். அவசரப்பட வேண்டியதில்லை. அடுத்த வாரம் இந்தப் பக்கம் வரும்போது நேரில் பேசிக்கொள்ளலாம். கு. பிள்ளை. எழுதி முடித்ததும் தனக்கே ஆச்சரியமாக இருந்தது, எவ்வளவு சுத்தமான வாக்கியம். இதில் பொய் எங்கே இருக்கிறது காட்டு என்று எவனையும் கேட்கலாம். அவசரப்பட வேண்டியதில்லை என்பது ஓர் அபிப்பிராயம். அபிப்பிராயத்துக்கு வழக்கு இல்லை. மணியைத் தட்டினார். ஆவுடையப்பன் வந்தார், வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, இருபத்திரண்டு வருஷமாக வருகிற அதே நடை. கார்டை எடுத்தார். படித்தாரா என்று தெரியவில்லை, அவர் கண் எழுத்தின்மேல் இருந்தாலும் படிக்காத மாதிரிதான் இருக்கும். தாளை நனைத்து, கார்டை வைத்து, பிரஸ்ஸின் கைப்பிடியைப் பிடித்து ஒரு சுற்று, இரண்டு சுற்று. இரும்பு கிறீச்சிட்டது. பிறகு மற்றத் தபால்களோடு அதையும் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கிப் போனார். செருப்புச் சத்தம் தெருவில் கரைகிற வரைக்கும் குற்றாலிங்கம் பிள்ளை கேட்டுக்கொண்டிருந்தார். கூப்பிட்டிருக்கலாம். ஜன்னலில் எட்டி, ஆவுடையப்பன் என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம்.

நாலு அடித்தது. விட்டது என்று சாய்ந்தார், விடவில்லை. எழுந்துபோய்க் காப்பிப் புத்தகத்தைத் திறந்தார். நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் ஈரமாக இருந்தது. இறங்கிய எழுத்து கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாறித்தான் இருக்கும், தாளைத் தூக்கி முதுகுப் பக்கமாகப் பார்த்தால்தான் நேராகும். தூக்கிப் பார்த்தார். அவசரப்பட வேண்டியதில்லை. அதற்கு முந்திய பக்கம், நானூற்றுப் பதினொன்று, மதராஸ் வக்கீலுக்கு எழுதியது, திங்கட்கிழமை காலை முதல் வேலையாக மனுவைத் தாக்கல் செய்யவும், ஒரு நிமிஷம்கூடத் தாமதம் கூடாது. ஒரே நாள், ஒரே மை, முதுகோடு முதுகு. அந்த அமெரிக்கக்காரன் எங்கிருந்தோ வந்து பலே கெட்டிக்காரன் என்று ஓரத்தில் எழுதிவிட்டுப் போனான். தந்தி கொடுத்தால்? தந்தி ஆபீஸ் ஆறு மணி வரைக்கும் உண்டு, இன்றைக்கே போய்ச் சேரும். ஆனால் தந்தி மாஸ்டர் சுந்தரேச ஐயர் தானே பாங்கில் பணம் போட்டவர், அவர் கையால் அந்த வார்த்தையைத் தட்டுவது என்றால் முதலில் அவருக்குச் சொன்னதாகத்தான் ஆகும். அதுவும் போக, இப்போது தந்தி கொடுத்தால் நானூற்றுப் பன்னிரண்டு என்ன சொல்லும்? நாலு மணிக்கு அவசரம் இல்லை என்று எழுதியவன் ஐந்து மணிக்கு ஓடு என்று தந்தி கொடுக்கிறான் என்றால், நாலு மணிக்கும் அவனுக்குத் தெரியும் என்று ஆகிறது. முன்பாவது ஒரு பக்கம்தான் சுவர் இருந்தது. இப்போது தானே ஒரு சுவர் எழுப்பி, நம்பரும் போட்டு வைத்தாயிற்று. புத்தகத்தை மூடினார், திறந்தார், காய்ந்துவிட்டதா என்று ஒரு விரலால் தொட்டார். விரலில் எழுத்து ஒட்டிக்கொண்டது.

ஆவுடையப்பன் திரும்பி வரும்போது நாலே முக்கால். தபால் சேர்த்தாச்சு ஐயா என்று பையை ஆணியில் மாட்டினார். கீழே கூட்டமா என்று கேட்டார் இவர். பாங்கு வாசலிலே கொஞ்சம் ஜனம் நிற்கிறது, நேற்று அளவு இல்லை என்றார். குற்றாலிங்கம் பிள்ளைக்கு அந்த ஆளின் நரைத்த பிடரியைப் பார்த்ததும் என்னவோ செய்தது. இருபத்திரண்டு வருஷம். ஒருவனுக்காவது சொல்லிவிடுவோம், ஒரே ஒருவனுக்கு, சாடையாக. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஆவுடையப்பன், உமக்கு அந்தப் பாங்குல ஏதாவது கிடக்கா?" என்றார்.

ஆவுடையப்பன் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "இல்ல ஐயா. போன மாசமே எடுத்தாச்சு."

"போன மாசமா? யாரு சொன்னா உமக்கு?"

"யாரு சொல்லணும் ஐயா, நான்தானே காப்பி எடுக்கேன்." அதில் குற்றமும் இல்லை, பெருமையும் இல்லை, மழை பெய்தது என்று சொல்கிற தொனிதான். பிறகு அவரே ஒவ்வொன்றாகச் சொன்னார், கேட்டால் மறைக்க என்ன இருக்கிறது என்கிற மாதிரி. வேண்டியவர்களுக்கு மட்டும் சொல்லியிருக்கிறார். தங்கச்சி மாப்பிள்ளைக்கு, சர்பத் கடைக்காரனுக்கு, அவன் பால்காரனுக்குச் சொல்லியிருப்பான் போலிருக்கிறது. தந்தி மாஸ்டர் ஐயர் போன சனிக்கிழமையே எடுத்துவிட்டார். "வீட்டு அம்மாவும் தன் பேர்ல கிடந்ததைப் புதன்கிழமை எடுத்துட்டாவ. ஐயா காதுல போட வேண்டாம், மனசு சங்கடப்படுவாவன்னாவ." அப்போது பிச்சம்மாளும். புதன்கிழமை. புதன்கிழமை ராத்திரி அவியல் வைத்திருந்தாள், இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். என்னுடையதும் போச்சு நர்ஸம்மா என்கிற வாக்கியம் வாய்க்குள்ளேயே புளித்தது. ஊரெல்லாம் ஏறி இறங்கிய ரகசியத்துக்கு இவர் ஒருவர் காவல் உட்கார்ந்திருக்கிறார். ஏழு பேர் என்று எண்ணிக்கொண்டு.

"நாசரேத்து அம்மாவுக்கு?" என்றார். குரல் தன் குரலாகவே இல்லை. "எஸ்தரம்மாவுக்குச் சொன்னீராவே?"

ஆவுடையப்பன் முதல் தடவையாக அவரை நேருக்கு நேர் பார்த்தார். "அவுகளுக்கு நான் எதுக்கு ஐயா சொல்லணும்? ஐயாவே முன்னால ரகசியமா எழுதியிருப்பீயன்னு நெனச்சேன். இந்தக் கார்டு சும்மா ஊர் கண்ணுக்குன்னுல்லா பிரஸ்ல குடுத்தேன்." சொல்லிவிட்டு அவர் மேஜையைப் பார்த்தார், எஸ்தர் எழுதிய பாதிக் கார்டு கிழிந்த ஓரத்தோடு அங்கேயே கிடந்தது. பிறகு தரையைப் பார்த்தார்.

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. இனிக் காக்க ரகசியம் இல்லை. கட்சிக்காரன் இல்லை, தர்மம் இல்லை, முகம் தெரியாத கிழவி இல்லை, எல்லாம் படி இறங்கிப் போய்விட்டன. ஆனாலும் கை எழவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. இத்தனை நேரம் கட்டிப் போட்டிருந்தது அவையெல்லாம்தான் என்று நினைத்திருந்தாரே, அவிழ்ந்த பிறகும் இந்தக் கை ஏன் இப்படிக் கிடக்கிறது? நானூற்றுப் பன்னிரண்டு. அது ஒன்றுதான் மிச்சம். அந்தக் கார்டை எழுதாமல் இருந்திருந்தால் இப்போது எழுந்துவிடுவார். எழுதியதால் எழ முடியவில்லை. எழ முடியாததால் நாளை காலை அந்தக் கார்டு அவள் கைக்குப் போகும், கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிப்பாள், ஐயா சொல்லிட்டாவ என்று பால்காரனிடம் காட்டுவாள், பிராஞ்சுப் பக்கமே போக மாட்டாள். ஒரு மணி அடிக்கும். பொழைக்கும்னு சொல்ல மாட்டேன், விட மாட்டேன். முழங்கை வரைக்கும் ஈரம். அவளுக்குத்தான் அன்றைக்கு என்ன பயமாக இருந்திருக்கும். பிள்ளை செத்திருந்தால் ஊர் அவளைத்தானே சொல்லியிருக்கும்.

"தந்தி பாரம் ஒண்ணு எடும்" என்றார்.

ஆவுடையப்பன் அலமாரியிலிருந்து எடுத்து வைத்தார். குற்றாலிங்கம் பிள்ளை பேனாவை முக்கி, விளிம்பில் தட்டாமலே, எஸ்தர், மிஷன் ஆஸ்பத்திரித் தெரு, நாசரேத் என்று எழுதினார். அதன் கீழே, கார்டை நம்ப வேண்டாம், நாளைக் காலை பணம் முழுதும் எடுக்கவும், குற்றாலிங்கம் என்று எழுதினார். பேரை முழுசாகவே எழுதினார். மை கொட்டி ஓர் இடத்தில் பரவியிருந்தது, எழுத்து தெரிந்தது.

ஆவுடையப்பன் பாரத்தைக் கையில் வாங்கினார், படித்தார், இந்தத் தடவை படிப்பது நன்றாகவே தெரிந்தது. தூரிகை இருந்த கிண்ணத்தின் பக்கம் போனவர் அங்கேயே நின்று, கதவைப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்: "இதுக்கும் காப்பி போடணுமா ஐயா?"

ஐந்து அடிக்க ஆரம்பித்தது. அது அடித்து முடிவதற்குள் அவர் பேனாவைத் துடைத்து மைக்கூட்டின் பக்கத்தில் வைத்தார்.

"போடும்" என்றார். "நானூத்திப் பதிமூணு."